துறையில் ஒரு முகம், பஸ்ஸில் ஒரு முகம்

(பொது இடங்களில் நம்மவர் நடந்துகொள்ளும் விதம் பற்றி மட்டக்களப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஆசிரியர்களே, பின்வரிசையில் இடம் பிடித்துவிட்ட இளைஞர்களே!

பின்வரிசையைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மண்டபத்தில் முன்னால் மூன்று வரிசை வெறுமையாகக் கிடக்கிறது. முதல் வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறார்கள், அது அதிதிகளுக்கு. அடுத்த இரண்டு வரிசைக்குத் துணியும் இல்லை, பெயரும் இல்லை. ஆனாலும் ஒருவர்கூட வந்து இருக்கவில்லை. கதவோரத்தில் கால் மாற்றி மாற்றி நிற்கிறவர்கள் ஒரு மணிநேரம் நிற்கச் சம்மதிக்கிறார்கள், முன்னால் வந்து இருக்கச் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்கள். ஏற்பாட்டாளர் ஒலிவாங்கியில் கேட்டுப் பார்த்துக் களைத்துவிட்டார். இதே ஆட்கள்தான் நாளைக் காலையில் கல்முனை பஸ்ஸின் முன் ஆசனத்துக்காக ஜன்னலுக்குள்ளால் பையை எறியப் போகிறவர்கள்.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது இப்படிப்பட்ட சங்கதிகளைத்தான். பத்துப் பேர் கூடுகிற இடத்தில் நாம் செய்கிற காரியங்கள். ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பைத் தவிர வேறு பதில் கிடைக்காத காரியங்கள். இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் ஊரில் ஒரு தீர்ப்பு ஆயத்தமாக இருக்கும்: "எங்கட சனம் திருந்தாது." தேத்தண்ணிக் கடையிலும் அதைத்தான் சொல்கிறோம், கச்சேரிக் கூட்டத்திலும் அதைத்தான் சொல்கிறோம். சொல்கிறவர் தன்னை அந்தச் சனத்தில் சேர்ப்பதில்லை என்பது வேறு விஷயம். அந்தத் தீர்ப்பு பிழை என்று நான் நினைக்கிறேன். அதற்கு வாவியில் இருந்தே சாட்சி கொண்டுவந்திருக்கிறேன்.

கிழக்கே எழுவான்கரையில் இருந்து மேற்கே படுவான்கரைக்குப் போவதென்றால் மட்டக்களப்பு வாவியைக் கடக்க வேண்டும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நீர் அது. 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்கள் மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருந்தார்கள். குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்கும் பாதைதான், குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கும் பாதைதான். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், நாங்கள் பாதை என்பது ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் மூட்டை முடிச்சையும் ஒன்றாக ஏற்றிப் போகும் தட்டையான மிதவைப் படகை.

அதில் ஏறிய ஒருவரைச் சற்றுக் கிட்ட நின்று பாருங்கள். கரையில் நிற்கும்போது முண்டியடித்தவர்தான். பலகையில் கால் வைத்ததும் ஆள் மாறிவிடுகிறார். பாதைக்காரர் பெரிய சத்தம் ஒன்றும் போடுவதில்லை. "தம்பி, சைக்கிளக் கொஞ்சம் நடுவுக்கு எடுங்க. அம்மா, நீங்க அந்தப் பக்கமா வாங்க. மூட்டைய இஞ்சால இறக்குங்க." அவ்வளவுதான். வங்கி முகாமையாளரும் தன் மோட்டார் சைக்கிளை அரை முழம் பின்னுக்கு உருட்டுகிறார். மூன்று பிள்ளைகளோடு வந்த தாய் மூவரையும் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன இடத்தில் போய் நிற்கிறாள். ஏன் எதற்கு என்று கேட்பார் இல்லை. காரணம் காலடியிலேயே இருக்கிறது. பலகை விளிம்புக்குக் கீழே ஒரு சாணில் தண்ணீர். எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கினால் அந்த ஒரு சாண் என்னவாகும் என்பதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அங்கேயும் ஒரு வேடிக்கை உண்டு. மறுகரை தென்பட்டதும், இன்னும் அரைவாசித் தூரம் கிடக்கும்போதே, யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணுவார். உடனே அடுத்தவர், அதற்கடுத்தவர். மிதவை முழுக்கப் புகை. கரை தட்டும் வரைக்கும் ஒருவராலும் ஓரடி நகர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டுநாயக்காவில் விமானம் தரையைத் தொட்டதும், கதவு திறக்கப் பத்து நிமிடம் ஆகும் என்று தெரிந்தும், தலைக்கு மேலே இருக்கும் பெட்டியை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு முதுகை வளைத்து நிற்பவர்களும் இந்த வகைதான். போகப்போகிற அவசரத்தை விட, மற்றவர் முந்திவிடுவாரோ என்ற அவசரம் இது. இதனால் யாருக்கும் கேடில்லை, மூக்குக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். அதனால் பாதைக்காரர் கண்டுகொள்வதில்லை. யாராவது உருட்டத் தொடங்கினால்தான் "இன்னும் கரை வரல்ல" என்பார். உருட்டியவர் நின்றுவிடுவார்.

இப்போது அதே மனிதர் பாதையால் இறங்கிப் பஸ்ஸில் ஏறுகிறார்.

"உள்ளுக்குப் போங்க அண்ணன், நடுவில இடம் கிடக்கு. காக்கா, கொஞ்சம் முன்னுக்கு ஏறுங்க. அக்கா, பின்னுக்கு நிக்கிறவங்க ஏறணும்." கொண்டக்டர் கத்துகிறார், பஸ் தகரத்தில் தட்டுகிறார், பிறகு கெஞ்சுகிறார். ஒருவரும் அசைவதில்லை. வாசலில் பதினைந்து பேர் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் இரண்டு கதிரை நீளத்துக்கு வெறும் தரை. செங்கலடியில் இறங்க வேண்டியவரும் வாசலில், பொலனறுவையில் இறங்க வேண்டியவரும் வாசலில். பாதையில் சொல்லுக்கு அடங்கிய மனிதர் இங்கே ஏன் செவிடாகிப் போனார்?

கெட்ட குணம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவர் நிலையில் நின்று பாருங்கள். நடுவுக்குப் போனால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியுமா என்பது அவருக்கு நிச்சயமில்லை. பஸ் முழுதாக நிற்காது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். "இறக்கம்" என்று கத்தினால் முன்னால் ஓடும் பாட்டுச் சத்தத்தில் சாரதிக்குக் கேட்காது. ஒருமுறை அடுத்த தரிப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தவர் வாழ்நாள் முழுக்க வாசலை விடமாட்டார். பாதைக்காரர் சொன்னதைச் செய்தால் அவருக்கு நன்மை, அதை அவர் அந்தக் கணத்திலேயே காண்கிறார். கொண்டக்டர் சொன்னதைச் செய்தால் நன்மை பின்னால் ஏறப்போகிறவருக்கு, நட்டம் இவருக்கு. மனிதர் ஒருவர்தான். நிற்க வைத்த இடம்தான் வேறு.

பஸ்ஸைத் திட்டிக்கொண்டே போக எனக்கு மனமில்லை. ஏனென்றால் நம் பொதுவாழ்வின் மிக அழகான ஒரு பழக்கமும் அந்தப் பஸ்ஸுக்குள்தான் இருக்கிறது. நின்றுகொண்டு வருகிற ஒரு பிள்ளையின் தோளில் புத்தகப் பை. பக்கத்தில் இருக்கிற அம்மா அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை, கையை மட்டும் நீட்டுவார். பிள்ளையும் ஒன்றும் சொல்லாமல் பையைக் கழற்றிக் கொடுக்கும். அந்த மடியில் ஏற்கெனவே அவருடைய மீன் பை இருக்கும், இன்னொருவருடைய சாப்பாட்டுப் பெட்டி இருக்கும். சில நேரம் கைக்குழந்தையே கைமாறி ஜன்னலோரத்தில் இருக்கும் யாரோ ஒருவர் மடிக்குப் போய்விடும். தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், குழந்தை முன்பின் தெரியாத பெண்ணின் வளையலை இழுத்து விளையாடிக்கொண்டு வரும். இறங்கும்போது பை திரும்பி வரும். நன்றி என்ற சொல் இருபக்கமும் இல்லை.

இதை யோசித்துப் பாருங்கள். ஆசனத்துக்காகப் பையை எறிந்து சண்டை பிடிக்கிற அதே கூட்டம், ஆசனம் கிடைத்த மறுநிமிடம் தன் மடியைப் பொதுச்சொத்தாக்கிவிடுகிறது. எழுந்து இடம் கொடுக்கமாட்டோம், ஆனால் சுமையை வாங்கிக்கொள்வோம். இது எப்படி வந்த கணக்கு? எனக்குத் தோன்றுவது, இடத்தைப் பிடித்ததில் இருக்கும் சின்னக் குற்ற உணர்வுக்கு நாம் கட்டுகிற வரி இது.

நியூயோர்க்கில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1970-களில் தம் மாணவர்களைச் சுரங்க ரெயிலுக்கு அனுப்பினார். இருக்கிறவரிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல், "உங்கள் ஆசனத்தைத் தருவீர்களா" என்று கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். அதை விட விசித்திரம், கேட்கப்போன மாணவர்கள் பட்ட பாடு. வாய் வரவில்லை, வயிற்றைப் புரட்டியது. ஆசிரியரும் தாமே கேட்கப் போய் அதே பாடு பட்டார். கேட்டால் கிடைக்கும், கேட்கத்தான் முடியாது. நம் பஸ்ஸில் கேட்க வேண்டிய தேவையே வைக்காமல் கை நீளுகிறது. மில்கிராம் கல்முனை பஸ்ஸில் வந்திருந்தால் அந்த ஆராய்ச்சியைச் சற்று வேறு விதமாக எழுதியிருப்பார்.

இந்தப் பழக்கமும் என்றைக்கும் ஒரே சீராக இருந்ததில்லை. தெரியாதவர் பையை மடியில் வாங்க அஞ்சிய காலம் ஒன்றை இந்த மண்டபத்தில் பாதிப் பேராவது கண்டிருப்பீர்கள். யுத்த காலத்தில் ஆசனத்துக்கடியில் ஒரு பொதி கிடந்தால் பஸ்ஸே காலியாகும். 2019 ஏப்ரல் 21-இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகும் முதுகில் தொங்கும் பையைப் பார்த்து மனசு திடுக்கிட்ட நாட்கள் இருந்தன. சட்டம் போட்டு யாரும் அந்த அச்சத்தை நீக்கவில்லை. ஒரு நாள் யாரோ ஒரு மாமி பழையபடி கையை நீட்டியிருப்பார்.

எர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-இல் பொது இடங்களில் மனித நடத்தை பற்றி ஒரு நூல் எழுதினார். நகரத்து மனிதர் அந்நியரை ஒரு கணம் பார்த்து, பார்த்ததாகக் காட்டி, உடனே கண்ணை எடுத்துக்கொள்வார். அதுவே அங்கே மரியாதை என்றார். நம் பக்கத்தில் அந்த மரியாதை செல்லுபடியாகாது. பக்கத்தில் இருப்பவர் கண்ணை எடுக்கமாட்டார். "எந்த ஊர் மனே?" என்பார். ஊரைச் சொன்னால், "அங்க யார்ட மகன்?" அப்பாவின் பெயர் போதாது, அம்மாவின் பக்கத்தையும் விசாரித்து, மூன்றாவது தரிப்பு வருவதற்குள் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அந்நியரோடு எப்படிப் பழகுவது என்று நாம் கற்கவில்லை, அந்நியரை அந்நியராக விடாமல் இருக்கத்தான் கற்றிருக்கிறோம்.

இங்கேதான் கியூ பற்றிய பெரிய குழப்பத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் முதல் நாளே சொல்லும் குறை அது. நம்மவருக்கு ஒழுங்காக நிற்கத் தெரியாதாம்.

தெரியாதா? கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில், மண்டூர் முருகன் கோயில், திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயில் எல்லாம் பல ஊர்களுக்குப் பொதுவான தேசத்துக் கோயில்கள். எந்த நாள் திருவிழா எந்த ஊருக்கு, எந்தக் குடிக்கு, காளாஞ்சி யாருக்கு முதலில், யாருக்கு அடுத்தது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்தது. தாய்வழியாக வருகிற குடி, அதன் சார்பில் நிற்கிற வண்ணக்கர், அவரவர் இடம். இது தமிழரோடு முடிவதும் இல்லை. அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு, பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் குடியின் பேரில் மரைக்கார் இருந்ததும் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008-இல் வெளிவந்த தம் நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் நான்காவதாக வாங்க வேண்டியவர் மூன்றாவதாகக் கை நீட்டமாட்டார். நீட்டினால் அது நீதிமன்றம் வரை போகும்.

ஆக, ஒழுங்கு தெரியாத சனம் அல்ல நாம். ஒழுங்கு கொஞ்சம் அதிகமாகவே தெரிந்த சனம். ஆனால் நமக்குத் தெரிந்த ஒழுங்கில் முந்தி வந்தவருக்கு ஒரு மதிப்பும் இல்லை. அங்கே யார் யாருக்கு முன்னால் என்பது பிறப்பும் ஊரும் வயதும் பட்டமும் தீர்ப்பது. இந்த மண்டபத்தில் வெள்ளைத் துணி போர்த்திய கதிரையும் அந்த ஒழுங்கின் மிச்சம்தான். துணி இல்லாத அடுத்த இரண்டு வரிசையில் இருக்க நீங்கள் கூச்சப்படுவதும் அதே மிச்சம்தான். மங்கல விளக்கேற்றும்போது பாருங்கள், ஐந்து திரிக்கு முன்னால் ஆறு பேர் நின்று "நீங்க ஏத்துங்க, இல்ல நீங்க ஏத்துங்க" என்று நடத்தும் இழுபறியை. முந்தி வந்தவர் முந்திப் பெறட்டும் என்ற கியூ விதி, முகம் தெரியாத நகரத்துக்காக யாரோ வகுத்தது. அதை நம்மிடம் பஸ் தரிப்பிடமும் தபாற்கந்தோரும் கொண்டுவந்து கொடுத்தன. விளக்கம் கொடுக்கவில்லை.

பிறகு அந்த விதிக்கு இங்கே ஒரு கெட்ட பெயரும் சேர்ந்துவிட்டது. நம் தலைமுறை வரிசையில் நின்றது எங்கே? சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு. பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து, மறுபடி ஏறி. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாவலடி, கல்லடிச் சனங்கள் முகாமில் சாப்பாட்டுக் கோப்பையோடு. ஒருவர் பின் ஒருவராக நிற்பதென்றால் கீழ்ப்படிவதும் கையேந்துவதும் என்று உடம்பில் எழுதிவிட்ட ஒருவருக்கு, சமாதான காலத்தில் வந்து "நாகரிகமாக நில்லுங்கள்" என்றால் முதுகு கூசத்தான் செய்யும். இதற்கு என்னிடம் ஆய்வுச் சான்று கிடையாது, பல வருடம் பார்த்ததில் எழுந்த எண்ணம். மறுப்பவர்கள் கேள்வி நேரத்தில் மறுக்கலாம்.

ஆனால் 2022-ஐ யாரும் மறுக்க முடியாது. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை. நாடு முழுக்க வெற்றுச் சிலிண்டர்கள் தெருவோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. களவு போகாமல் சங்கிலி போட்டுப் பூட்டியும் வைத்தார்கள். ஆள் வீட்டில், சிலிண்டர் வரிசையில். முந்தி வைத்த சிலிண்டரைத் தூக்கிப் பின்னால் வைக்கத் துணிந்தவர் அரிது. பெற்றோல் நிலையத்துக்கு வெளியே ஒருவருக்கொருவர் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, ஒருவர் இடத்தை மற்றவர் காத்துக் கொடுத்து, இரவைக் கழித்தார்கள். அந்த யூலையில் கியூஆர் அட்டை முறை வந்த பிறகுதான் நெரிசல் குறைந்தது. அரசாங்கம் ஒழுங்கை அறிவிப்பதற்கு முன்பே சனம் தனக்கு ஓர் ஒழுங்கை எழுதிக்கொண்டது. அதுவும் முந்தி வந்தவர் முந்தி என்ற அதே அந்நிய விதிதான். ஏன் எடுபட்டது? வருகிறது குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். வரிசையின் தலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இடையில் புகுகிறவர் முகமும் தெரியும்.

முறை பார்த்து நிற்கக் கற்ற இன்னொரு பாடசாலை கல்லடியில் இருந்தது. 1924-இல் திறந்த பழைய பாலம், ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம். ஒரு பக்க வாகனம் போனால் மறுபக்கம் காத்திருக்க வேண்டிய அகலம். 2013-இல் யப்பான் உதவியோடு கட்டிய புதுப்பாலம் திறக்கும் வரை, 89 வருடம், மட்டக்களப்பு முழுக்க அந்தப் பாலத்தடியில் நின்று முறை பார்த்துப் போயிற்று. முணுமுணுத்துக்கொண்டுதான், ஆனாலும் போயிற்று. இப்போது வீதி அகலம், நடுப் பாலத்தில் நிறுத்திப் படம் எடுப்பவரைச் சுற்றி எல்லோரும் ஹோன் அடிக்கிறார்கள்.

இனிக் கசப்பான விஷயம். அதையும் பாலத்திலேயே சொல்கிறேன்.

விடியப் பொழுதில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். கைப்பிடியில் ஒரு சொப்பின் பை தொங்குகிறது. வாய் இரண்டு முடிச்சுப் போட்டு இறுகக் கட்டியிருக்கிறது, வழியில் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, மணக்கக் கூடாது. வேகம் குறைகிறது. முன்னும் பின்னும் ஒரு பார்வை. கை ஒரு வீச்சு. பை கம்பிக்கு மேலால் போய்க் கண்டல் ஓரத்துத் தண்ணீரில் விழுகிறது. அவர் வீட்டைப் போய்ப் பாருங்கள். வளவுக்குள் ஒரு சருகு கிடக்காது. விளக்குமாற்றுக் கோடு மணலில் அப்படியே இருக்கும். அழுக்கான மனிதராக இருந்தால் அந்த இரண்டு முடிச்சு எதற்கு? சுத்தத்தில் கவனமான மனிதர்தான். அவருடைய சுத்தத்தின் எல்லை வேலியோடு முடிகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் மருந்துக்கடை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு சோடி செருப்புக் கிடந்தால் அடுத்து வருகிறவரும் கழற்றுவார். அறிவித்தல் பலகை இருக்காது, உள்ளே சீமெந்துத் தரைதான். முதலாமவர் ஏன் கழற்றினார் என்று யாருக்கும் தெரியாது, ஒருவேளை செருப்பு வார் அறுந்திருக்கலாம். மத்தியானத்துக்குள் வாசலில் இருபது சோடி. பிறகு சப்பாத்தோடு உள்ளே போகத் துணிகிறவருக்குத்தான் வெட்கம். கண்டல் ஓரத்திலும் நடப்பது இதுவே. ஒரு பை கிடந்தால் அது இரண்டாவது பைக்கு அனுமதிச் சீட்டு. ரொபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது: குப்பை கிடக்கும் இடத்தில் சனம் குப்பை போடுகிறது, சுத்தமான இடத்தில் தயங்குகிறது. பொது இடத்தில் நாம் சட்டத்தை வாசிப்பதில்லை, முந்திப் போனவர் விட்டுப்போனதை வாசிக்கிறோம்.

அந்த வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அம்பாறையின் பள்ளக்காட்டைப் பார்க்கலாம். சுற்றுவட்டத்து ஊர்களின் குப்பையைக் கொட்டும் திடல் அது. சாப்பாட்டு மணத்துக்கு யானைகள் வந்து பொலித்தீனோடு சேர்த்து விழுங்குகின்றன. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்துவிட்டதாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. இறந்த யானைகளை வெட்டிப் பார்த்தபோது வயிற்றில் பொலித்தீன் பைகளும் சாப்பாடு சுற்றிய தாள்களும் இருந்தன. இரண்டு முடிச்சு இறுக்கமாகப் போட்ட பைதான் அதுவும்.

"பொதுவென்றால் பாழ்தான்" என்று கற்றவர்களும் சொன்னார்கள். கறெற் ஹார்டின் 1968-இல் எழுதிய கட்டுரை அதற்குப் பேர்போனது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தன் மாட்டை ஒன்று கூட்டிக் கூட்டி எல்லோருமாக நிலத்தை அழிப்பார்கள் என்றார். அதற்குப் பதில் சொன்னவர் எலினோர் ஒஸ்ட்ரம். 1990-இல் வந்த அவருடைய நூலில் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது, அது நம்மில் பலருக்குத் தெரியாது. கல்லோயா, நம் பெரியவர்கள் சொல்லும் பட்டிப்பளை ஆறு. அங்கே அமைந்த குடியேற்றத் திட்டத்தின் அரசியலையும் 1956-இல் அங்கே சிந்திய இரத்தத்தையும் நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. நான் சொல்வது அதன் இடதுகரை வாய்க்காலை. தலைமாட்டில் சிங்கள விவசாயிகள், கடைமாட்டில் தமிழ் பேசுகிறவர்கள். தலைமாட்டில் இருப்பவர் மறித்துவிட்டால் கடைமாட்டுக்குத் தண்ணீர் வராது. வாய்க்கால் வருடக் கணக்காகத் துப்புரவு காணவில்லை, மதகுகள் உடைந்து கிடந்தன. நாட்டிலேயே மிக மோசமான நீர்ப்பாசனத் திட்டம் என்ற பெயர் அதற்கு.

1981-இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து சில இளைஞர்களை அங்கே அனுப்பின. அவர்கள் கையில் சட்டம் இல்லை, பணமும் இல்லை. வயலுக்குள்ளேயே தங்கி, ஒரே கிளை வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரை ஓரிடத்தில் இருத்திப் பேச வைத்தார்கள். குளத்தில் தண்ணீர் மிகக் குறைவான போகம் அது. சில வாரத்துக்குள் அந்த ஆட்கள் தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்துத் தண்ணீர் விட்டு, மிஞ்சியதைக் கடைமாட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சிங்கள விவசாயிகள் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொடுத்த சம்பவங்களை, அதில் பங்குகொண்ட நோர்மன் அப்ஹொஃப் 1992-இல் தனி நூலாகவே எழுதினார். 1981 எப்படிப்பட்ட வருடம் என்று இந்த நாட்டுத் தமிழருக்குச் சொல்ல வேண்டுமா? அந்த வருடத்தில் இது நடந்தது. ஒஸ்ட்ரமுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயலுக்குப் பொறுப்பான வட்டை விதானையை வைத்துத் தண்ணீர் பங்கிட்ட நம் போடிமாருக்கு, அதாவது பெருநில உடைமையாளருக்கு, இது புதினமாக இராது. உன்னிச்சைக் குளத்துக் கீழும் நவகிரிக் கீழும் எந்தக் கண்டத்துக்கு எப்போது தண்ணீர் என்பதைச் சனம் இன்றும் கூட்டம் கூடித்தான் தீர்மானிக்கிறது. கூட்டத்தில் அடிபிடி வரும், கெட்ட வார்த்தை வரும். ஆனால் தண்ணீர் திறக்கும் நாள் எல்லோருக்கும் தெரியும், திறக்கிறவர் ஆரென்றும் தெரியும்.

பாலத்தடிக் குப்பைக்கு அப்படி ஒரு நாளும் இல்லை, ஆளும் இல்லை. பையைக் கட்டி வைத்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருந்தவர் எத்தனை கிழமை காத்திருப்பார்? நாலாம் நாள் மணக்கும், ஐந்தாம் நாள் நாய் இழுக்கும், ஆறாம் நாள் அவர் பாலத்துக்குப் போவார். பாலத்தில் "குப்பை கொட்டாதீர், மீறினால் தண்டனை" என்று எழுதி வைக்கிறோம். கொட்டாமல் என்ன செய்வது என்று எழுதி வைப்பதில்லை.

ஆகவே உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் அடுத்த கூட்டம் நடக்கும்போது குப்பைப் பேச்சு நிச்சயம் வரும். "மக்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று தீர்மானம் எழுத விடாதீர்கள். வண்டி எந்தக் கிழமை வரும், எத்தனை மணிக்கு வரும், வராவிட்டால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்ற மூன்றையும் கேளுங்கள். பதிலைத் தமிழில் பெரிய எழுத்தில் பாலத்தடியிலேயே எழுதிப் போடச் சொல்லுங்கள். பொறுப்பான உத்தியோகத்தரின் பதவிப் பெயரும் அதில் இருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகும் பை விழுந்தால், அப்போது வந்து என்னிடம் "எங்கட சனம் திருந்தாது" என்று சொல்லுங்கள், கேட்கிறேன்.